கரடி பிரஷ்ஷுக்கு வைத்த சிவப்புப் பொட்டு

அந்த மருந்துக்கடையில் குழந்தைச் சாமான் அலமாரிக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறவளை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடியக்கா என்றால்தான் தெரியும். அவள் யாரையும் கடித்ததாகத் தகவல் இல்லை. கடைக்குப் புதிதாக எந்தக் குழந்தை பிரஷ் வந்தாலும் முதலில் தன் வாயில் வைத்துக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் அலமாரியில் ஏற்றுவாள். அதனால் வந்த பெயர். பிரஷ் கம்பெனிக்காரனே அவ்வளவு அக்கறையாகச் செய்திருக்க மாட்டான்.

கடிப்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தாள். மத்தியானம் சாப்பிட்ட கையோடு பின்னறைத் திரையை இழுத்துவிட்டு ஸ்டூலில் உட்காருவாள். முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட்டிருந்த பிரஷ்ஷை எடுத்துப் பிடியை முப்பது தடவை கடிப்பாள். நாரை நகத்தால் கிள்ளிப் பத்துத் தடவை இழுப்பாள். பிறகு வெந்நீரில் போட்டு ஆறவைத்து மறுபடியும் முப்பது. இப்படி மூன்று நாள். தேறிவிட்டால் அலமாரியில் அதன் விலைச்சீட்டு ஓரத்தில் சிவப்பு மார்க்கரால் ஒரு பொட்டு. பொட்டு இல்லாத பிரஷ்ஷைத் தொடாத தாய்மார்கள் அந்த வட்டாரத்தில் நிறையப் பேர் உண்டு. கடை முதலாளிக்கு இதில் பெருமைதான். பிரஷ் விற்கிறதே, பின்னே.

"குழந்தை எங்கம்மா பல்லு தேய்க்குது? மெல்லும். மெல்லுறதுக்குத் தாங்கினாத்தான் அது பிரஷ்ஷு" என்று ஆரம்பிப்பாள். அதற்குப் பிறகு நிறுத்துவது கஷ்டம். "பல்லே வரலையா? பிரஷ் வேண்டாம், ஈரத் துணியால ஈறைத் துடைச்சு விடு. முதல் பல்லு எட்டிப் பார்த்ததும் வா. பிரஷ் தலை உன் கட்டைவிரல் நகத்தை விடப் பெரிசா இருக்கக் கூடாது. நாரைக் கன்னத்துல தேய்ச்சுப் பாரு, குத்துச்சுன்னா திரும்ப அலமாரியிலயே வெச்சிரு. பிடி தடியா இருக்கணும், பிஞ்சுக் கை பிடிச்சா நழுவக் கூடாது. தொண்டைக்குள்ள போகாம வட்டத் தட்டு இருந்தா இன்னும் நல்லது. ஒட்டின பொம்மை, மணி, கண்ணு, மண்ணாங்கட்டி எதுவும் கூடாது. பேஸ்ட் ஒரு அரிசி அளவு போதும். நாரு விரிஞ்சுதுன்னா தூக்கிப் போட்டுட்டு இங்க வா."

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வலது ஆள்காட்டி விரலைக் காட்டுவாள். இரண்டாவது கணுவில் ஒரு வெள்ளைத் தழும்பு. அவளுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது ஒன்றரை வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவன் கையில் யாரோ வாங்கிக் கொடுத்த பிரஷ். பிடியின் நுனியில் இருந்த பொம்மையைக் கடித்து விழுங்கப் போய் முகம் நீலமாகிவிட்டது. வீட்டில் வேறு யாரும் இல்லை. விரலை உள்ளே விட்டுத் துழாவி இழுத்துப் போட்டாள். அவன் கடித்த கடிதான் அந்தத் தழும்பு. அன்றிலிருந்து அவளுக்குப் பல்லைத் தவிர வேறெதிலும் நம்பிக்கை இல்லை.

அந்தப் பல்தான் அவளைக் கைவிட்டது. ஐம்பத்து நாலாம் வயதில் ஈறு முழுக்கப் புண்ணாகி, மேல்வரிசை முன்பற்கள் எட்டும் ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கின. ஊருக்கெல்லாம் பல் பாடம் எடுத்தவள் தன் வாயைப் பார்க்க மறந்திருந்தாள். வேறொரு பேட்டையில் ஒரு பல் டாக்டரைத் தேடிப் போய் எட்டையும் பிடுங்கிவிட்டு, கடைவாய்ப் பற்களில் கொக்கி மாட்டுகிற மாதிரி ஒரு பல் செட்டு கட்டிக்கொண்டு வந்தாள். கடையில் உறவினர் வீட்டுக்குப் போனதாகச் சொன்னாள். தம்பியிடமும் அதையேதான் சொன்னாள். பொக்கைவாய் கடியக்கா என்று தெரு சிரிக்குமே என்பதுதான் அவள் கவலையெல்லாம். சொல்லியிருந்தால் இரண்டு நாள் சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள். அதை யார் அவளுக்குச் சொல்வது?

"கெட்டியானதைக் கடிக்காதீங்க. உடைஞ்சா மறுபடி அளவெடுக்கணும்" என்று அந்த டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

பல் செட்டு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, கரடி பிரஷ் வந்தது. மஞ்சள் பிடி. நுனியில் ஒரு குட்டிக் கரடித் தலை, இரண்டு காது, துருத்திக்கொண்டு கறுப்பு மூக்கு. சரக்கு கொண்டுவந்த சேல்ஸ்மேன் வாயெல்லாம் பல்லாக நின்றான்.

"பொம்மை வெச்சது எனக்கு ஆகாதுன்னு தெரியுமில்ல?"

"அக்கா, இது ஒட்டினது இல்லக்கா. ஒரே வார்ப்பு. பிடியும் கரடியும் ஒண்ணாவே ஊத்தினது. நீங்க வேணா கடிச்சுப் பாருங்களேன்!"

கவுன்ட்டரில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், உதட்டைத் திறக்காமல்.

கடைவாயில் கொக்கி இருந்ததால் செட்டைக் கழற்றாமல் அங்கே கடிக்க முடியாது. பின்னறைத் திரை வெறும் துணி. மாத்திரை அடுக்குகிற பெண் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வருவாள். அதனால் செட்டைக் கழற்றிவிட்டுக் கடைவாயால் கடிக்கக் கடியக்காவுக்குத் துணிவில்லை. செட்டோடேயே கடித்தாள். முதல் கடியிலேயே மேலண்ணத்தில் சட்டென்று ஒரு சத்தம். உடைந்தேவிட்டது என்று நினைத்து நாக்கால் தடவிப் பார்த்தாள். உடையவில்லை. அதற்குப் பிறகு கடித்த ஐம்பத்தொன்பது கடியும் முத்தம் கொடுக்கிற மாதிரிதான். மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும். எண்ணிக்கையில் ஒன்று குறையவில்லை. கரடிக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகாமல் போனது நல்லதுக்கில்லை என்று உள்ளே ஒரு குரல் சொன்னதை அவள் கேட்கத்தான் செய்தாள். கேட்டுவிட்டுச் சிவப்பு மார்க்கரை எடுத்துப் பொட்டு வைத்தாள்.

முதல் பிரஷ்ஷை வாங்கியது முன்பின் பார்த்திராத ஒரு ஆள். தோளில் பெரிய பயணப் பை, சவரம் செய்து நாலு நாள் ஆன முகம், கையில் பஸ் டிக்கெட். பஸ்ஸுக்குப் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றான்.

"பொண்ணு பிறந்து பதினோரு மாசம் ஆச்சுங்க. இப்பத்தான் முதல் தடவையா பார்க்கப் போறேன். நாலு பல்லு வந்திருச்சாம். இது நல்லதுங்களா?"

"நானே கடிச்சுப் பார்த்ததுங்க. கண்ணை மூடிக்கிட்டுக் கையில கொடுங்க."

அவன் மனசு நிறைந்து சிரித்தான். பிரஷ்ஷைப் பையில் போடாமல் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு ஓடினான். கரடித் தலை வெளியே எட்டிப் பார்த்தபடி போயிற்று.

அன்று சாயங்காலம் அவளும் ஒன்று எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் ஊர் ஊராக அலைகிற தம்பிக்கு நாற்பது தாண்டிப் பிறந்த ஒரே பெண். பத்து மாதம். கீழ்வரிசையில் இரண்டு பல். உருண்டை என்று அவள்தான் பட்டப்பெயர் வைத்தாள். உருண்டையைப் பார்க்காமல் இரண்டு நாள் இருந்தால் அத்தைக்குச் சோறு இறங்காது.

தம்பி மனைவி நூலகத்தில் வேலை பார்க்கிறவள், இப்போது விடுப்பில் இருந்தாள். பால் புட்டி அட்டையில் இருக்கிற பொடி எழுத்தைக்கூட முழுசாகப் படிக்காமல் விடமாட்டாள். அவளே ஒரு பிரஷ் வாங்கி வைத்திருந்தாள். வெள்ளைப் பிடி, வட்டத் தட்டு, வேறு ஒரு அலங்காரமும் கிடையாது.

"இதென்னம்மா, ஆஸ்பத்திரி சாமான் மாதிரி மொட்டையா இருக்கு? இந்தா, அத்தை கடிச்சுப் பார்த்தது" என்று கரடியை நீட்டினாள் கடியக்கா.

"அண்ணி, பொம்மை வெச்சது வேண்டாம்னு நீங்கதானே எல்லார்கிட்டயும் சொல்வீங்க?"

"என்னை விடவா உனக்குத் தெரியும்?"

வெள்ளைப் பிரஷ் கவரோடு அலமாரிக்குள் போயிற்று. உருண்டை கரடியை இரண்டு கையாலும் பிடித்து வாயில் திணித்துக்கொண்டது. அத்தைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து, கடையில் கூட்டம் ஓய்ந்த ஒரு மத்தியான வேளையில் தையற்காரி வந்தாள். தெருமுனையில் மிஷின் போட்டிருப்பவள். இடுப்பில் குழந்தை, கையில் கரடி பிரஷ். கரடிக்கு ஒரு காதுதான் இருந்தது.

"அக்கா, இதே மாதிரி இன்னொண்ணு கொடுங்க. பாப்பா இது இல்லாம இருக்க மாட்டேங்குது."

கடியக்கா அந்த ஒற்றைக் காதையே பார்த்தாள். "இன்னொரு காது எங்க?"

"எங்கயாவது விழுந்திருக்கும். வீடெல்லாம் வெட்டுத் துணி, யாரு தேடறது? நீங்க பொட்டு வெச்சதாச்சே, நான் கவலையே படலை."

கடியக்கா குழந்தையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "இருமுதா? மூச்சு சரியா விடுதா? சாப்பிடுதா?" என்று அடுக்கினாள். குழந்தை நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும், "இப்பவே டாக்டர்கிட்ட காட்டு. அப்புறம் வீட்டுல அந்தக் காதைத் தேடு. கிடைக்கிற வரைக்கும் தேடு" என்று விரட்டினாள். தையற்காரி குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

அலமாரியில் மிச்சமிருந்த கரடிகளில் ஒன்றை உருவிக்கொண்டு பின்னறைக்கு ஓடினாள். யார் வந்தால் என்ன என்று செட்டைக் கழற்றித் தட்டில் போட்டாள். கரடியைக் கடைவாயில் வைத்து, சொந்தப் பல்லால் கடித்தாள். நாலாவது கடியில் காது கழன்று நாக்கில் விழுந்தது. சட்டைப் பொத்தான் அளவு. ஒரே வார்ப்பாம், ஒரே வார்ப்பு! காதுக்கடியில் பசைத் தடம் பளபளவென்று தெரிந்தது. அந்த சேல்ஸ்மேனைத் திட்ட வாயெடுத்தவளுக்குத் திட்டு வரவில்லை. மூன்று நாள் வாயில் வைத்திருந்தது அவன் இல்லையே.

செட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, மிச்சக் கரடிகளை வாரிப் பெட்டிக்குள் போட்டாள்.

"என்னம்மா ஆச்சு? நீங்கதானே பொட்டு வெச்சீங்க?" என்றார் முதலாளி.

"அன்னைக்கு நான் பார்த்தது நல்லாத்தான் இருந்துச்சு. இந்தப் பெட்டி சரக்கு மாறியிருக்கு" என்று பூசி மெழுகினாள். பொய் சொல்லி முடிக்கும்போதே கை தம்பி வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். அப்போதுதான் இரண்டு நாளைக்கு முன் தம்பி மனைவி போனில் சொன்னது ஞாபகம் வந்தது. "உருண்டைக்கு இருமலா இருக்கு அண்ணி" என்றாளே. "பல்லு முளைக்கிறப்ப எச்சில் வடியும், அப்படித்தான் இருமும்" என்று இவள்தானே பெரிய டாக்டர் மாதிரி பதில் சொன்னாள்.

செருப்பை எங்கே விட்டாளோ, வெறுங்காலோடு இரண்டு தெரு ஓடினாள். வெயிலில் தார் கொதித்தது. மூன்றாவது மாடி. தம்பி வீட்டு லிஃப்ட் வழக்கம்போல வேலை செய்யவில்லை. இன்னொரு நாளாக இருந்தால் அதை வைத்து அவனை ஒரு வாங்கு வாங்கியிருப்பாள். படியில் ஏறும்போது மேலே ஒரு சத்தமும் இல்லை என்பதுதான் அவளைக் கொன்றது. குழந்தை இருக்கிற வீடு இவ்வளவு அமைதியாக இருக்கக் கூடாது.

கதவைத் திறந்த தம்பி மனைவி, "இப்பத்தான் தூங்கி எழுந்தா. போன் சத்தத்தைக் குறைச்சு வெச்சிருந்தேன் அண்ணி" என்றாள். உருண்டை பாயில் உட்கார்ந்திருந்தது. கையில் கரடி. கடியக்கா பாய்ந்து அதைப் பிடுங்கினாள். ஒரு காது. இரண்டு காது. இரண்டும் இருந்தன. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் தண்ணீரும் வந்தது. இன்னும் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் அந்த நிமிடத்தில் நினைத்தாள். வெட்கக்கேடு, ஆனால் அப்படித்தான் நினைத்தாள்.

"நாரு விரிஞ்சு போச்சும்மா. நான் வேற கொண்டு வர்றேன்."

"மூணு வாரத்துலயா?" தம்பி மனைவி கையை நீட்டிப் பிரஷ்ஷை வாங்கினாள். நாரைப் பார்த்தாள், விரியவில்லை. பிடியைத் திருப்பினாள். எதையும் முழுசாகப் படிக்காமல் விடாத கண் கரடி முகத்தில் போய் நின்றது.

"அண்ணி, இதுக்கு மூக்கு இருந்துச்சில்ல?"

கறுப்பு மூக்கு இருந்த இடத்தில் ஒரு சின்னக் குழி. உள்ளே பசை காய்ந்திருந்தது.

இருவரும் ஒரே சமயத்தில் குழந்தையைப் பார்த்தார்கள். உருண்டை பிரஷ் போன கோபத்தில் அழ மூச்சு இழுத்தது. இழுத்த மூச்சின் கடைசியில், காதைக் கிட்டத்தில் வைத்தால் மட்டும் கேட்கிற மாதிரி, ஒரு மெல்லிய விசில்.

கடியக்கா குழந்தையை மடியில் போட்டு ஆள்காட்டி விரலை வாய்க்குள் விட்டாள். நாற்பத்திரண்டு வருடத்துக்கு முன் தம்பியைக் காப்பாற்றிய அதே விரல். இரண்டு புதுப் பற்கள் தழும்பின் மேலேயே கடித்தன. நாக்கு, கன்னம், தொண்டை வாசல் எல்லாம் துழாவினாள். எதுவும் அகப்படவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்டது அதைத்தான். "விரலை விட்டுத் தேடினீங்களா? பொருள் கண்ணுக்குத் தெரியாதப்போ விரலை விடவே கூடாதும்மா. உள்ள தள்ளிடும். அப்ப என்ன பண்ணுவீங்க?" கடியக்கா வாழ்நாள் முழுக்கப் பெருமையாகக் காட்டிவந்த விரலைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். "பிளாஸ்டிக் எக்ஸ்ரேல நேரடியா தெரியாது. ஆனா வலது பக்கம் காத்து சரியா போகலை. மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டுப் பார்க்கணும்."

கதவு சாத்திக்கொண்டது. வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். தம்பிக்குப் போன் போயிருந்தது, அவன் எங்கோ பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். பெஞ்சுக்கு எதிரே ஒரு பெரிய கடிகாரம். அதன் முள் நகர்வதாகவே தெரியவில்லை. பேசாமல் இருக்க முடியாமல் கடியக்கா வாய்க்குள் கையை விட்டுச் செட்டைக் கழற்றி மடியில் வைத்தாள். மேலுதடு உள்ளே மடிந்தது.

"இதான்மா காரணம்" என்றாள் குழறலாக. "நான் அதை ஒழுங்கா கடிக்கலை. இது உடைஞ்சிடுமோன்னு பயந்தேன். உடைஞ்சிருந்தா போயிருக்கும் சனியன்."

தம்பி மனைவி அந்தச் செட்டை வெகு நேரம் பார்த்தாள். அழவில்லை, கத்தவும் இல்லை.

"நான் வாங்கின பிரஷ்ஷு இன்னும் கவர்லயே இருக்கு அண்ணி" என்றாள்.

கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

கரடி மூக்கை எடுத்துவிட்டார்கள். ஒரு கிண்ணத்தில் போட்டுக் காட்டினார்கள், மிளகு அளவுதான் இருந்தது. "இன்னும் கொஞ்சம் நாள் போயிருந்தா" என்று ஆரம்பித்த டாக்டரம்மா, பெஞ்சில் இருந்தவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார். உருண்டை இரண்டு நாளில் வீட்டுக்கு வந்தது. வெள்ளைப் பிரஷ் கவரிலிருந்து வெளியே வந்தது. அத்தை இப்போதும் போய்ப் பார்க்கிறாள். குழந்தை சிரிக்கும்போது அவள் முதலில் மூச்சைத்தான் கேட்கிறாள்.

கடைக்குத் திரும்பிய அன்று செட்டைப் போடாமலேயே போனாள். முதலாளியிடம் உண்மையைச் சொன்னாள். அலமாரியில் இருந்த சிவப்புப் பொட்டை எல்லாம் நகத்தால் சுரண்டினாள். கரடி பிரஷ் வாங்கியவர்கள் உடனே திருப்பிக் கொண்டுவரவும் என்று பெரிய எழுத்தில் எழுதிக் கண்ணாடிக் கதவில் ஒட்டினாள். அவள் எடுத்துப்போனது போக விற்றது பத்து. யார் யார் என்று முகம் முகமாக ஞாபகம் இருந்தது அவளுக்கு. வீடு தேடிப் போய்க் கதவைத் தட்டி, பொக்கை வாயோடு விஷயத்தைச் சொல்லி வாங்கி வந்தாள். சிலர் திட்டினார்கள், வாங்கிக்கொண்டாள். தையற்காரி வீட்டுக் காது மிஷின் மிதிக்கட்டைக்கு அடியில் கிடைத்தது. அதை அவள் கொண்டுவந்து கவுன்ட்டரில் வைத்தபோது இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

ஒன்பது வந்து சேர்ந்துவிட்டன.

பஸ் நிலையத்துக்கு இப்போது தினமும் போகிறாள். அங்கே டிக்கெட் கொடுக்கிறவரிடம் கேட்டாயிற்று, டிரைவர்களிடம் கேட்டாயிற்று. தோளில் பெரிய பை, நாலு நாள் தாடி என்று அடையாளம் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். பஸ்ஸில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். கடையில் நிற்கும்போது பையோடு யாராவது கடந்து போனால் பாதி வியாபாரத்தில் வாசலுக்கு ஓடிவந்து சட்டைப் பையைப் பார்க்கிறாள்.

பிறந்து பதினோரு மாதம் கழித்து மகளை முதல் தடவையாகப் பார்க்கப் போனவன். நல்லதா என்று கேட்டுத்தான் வாங்கினான். கண்ணை மூடிக்கொண்டு கையில் கொடு என்று அவளே சொன்னாள். எந்த ஊருக்குப் போகிறாய் என்று மட்டும் கேட்கவில்லை.